அத்தை துடைத்த பலகை

குளியலறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதன் அடியில் ஒரு பலகைத் துண்டு செருகியிருப்பதை இன்று காலை பல் துலக்கிக்கொண்டே பார்த்தேன். உள்ளங்கை அகலம். வெள்ளை, நீலம், சிவப்பு என்று மூன்று பட்டைகள். மேலே கண்ணாடிபோல மினுக்கம். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று குனிந்தேன். வாயில் இருந்த நுரையைத் துப்ப மறந்துவிட்டேன். அது என் பரிசோதனைத் துண்டு. ஒன்பதில் ஒன்று. தூசி படாமல், யார் கையும் படாமல், ஒரு மாதம் நன்றாக இறுகட்டும் என்று பரணில் நான் அடுக்கிவைத்தது.

பரணில் ஏறிப் பார்த்தேன். அட்டைப்பெட்டி பத்திரமாக இருந்தது. உள்ளே இவருடைய பழைய செருப்பு இருந்தது.

கூடத்தில் கிடக்கிறது நான் புதுப்பித்துக்கொண்டிருக்கும் பின்பால் பலகை, அதாவது எஃகுப் பந்தை உருட்டி ஆடும் பழைய விளையாட்டு இயந்திரத்தின் ஆட்டப்பலகை. எட்டு மாதமாக இரண்டு முக்காலிகளின் மேல் நோயாளியைப்போல் நீட்டிப் படுத்திருக்கிறது. முன்பெல்லாம் வீட்டுக்கு வருகிறவர்கள் என்னை நலம் விசாரிப்பார்கள். இப்போது பலகையைப் பார்த்து "இன்னுமா?" என்கிறார்கள். இயந்திரத்தின் மற்ற உறுப்புகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் உறங்குகின்றன. சின்னவள் ஒருநாள் ஒரு பம்பரை எடுத்துப் பொம்மைக்குக் குடையாக்கிவிட்டாள். அது தனிக் கதை.

பலகையில் தீட்டியிருக்கும் ராணியின் மூக்கை வரைந்து முடித்தாயிற்று. பெயர்ந்த நிறங்களை எல்லாம் அக்ரிலிக்கால் நிரப்பியாயிற்று. விளக்கு எரியும் இடங்களில் பதித்திருக்கும் பிளாஸ்டிக் வில்லைகளைப் பலகையோடு சமமாக ஒட்டியாயிற்று. இவ்வளவும் முதல் இரண்டு மாதத்தில். பாக்கி, மேலே ஒரு தெளிந்த பூச்சு மட்டும். 'மட்டும்' என்று எழுதும்போதே கை கூசுகிறது.

அந்தப் பூச்சின் மேல் ஓடப்போவது 80 கிராம் எஃகுப் பந்து. 27 மில்லிமீட்டர் விட்டம். சரிவில் சும்மா உருண்டு வந்தால் பரவாயில்லை. பம்பர் உதைத்துத் தள்ளும், ஃபிளிப்பர் என்ற சின்ன மட்டை அடித்து விரட்டும், சில சமயம் எகிறி மேலிருந்து குதிக்கும். 1970களில் இந்தப் பலகைக்குப் போட்டிருந்த லாக்கர் என்ற பழைய மெருகுப் பூச்சு இத்தனை காலமும் அதைத் தாங்கி, வெடித்து, வெடிப்புகளில் அழுக்கை வாங்கி, பம்பரைச் சுற்றி மரம் தெரியும்வரை தேய்ந்துவிட்டது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதிதாக வருகிற பூச்சு மரத்தோடும் ஒட்ட வேண்டும், பிளாஸ்டிக்கோடும் ஒட்ட வேண்டும், பழைய மையையும் என் புதிய நிறத்தையும் கரைத்துவிடக் கூடாது, மஞ்சளாகக் கூடாது, பந்து விழுந்தால் குழி விழக் கூடாது. இவ்வளவு குணமும் உள்ள மாப்பிள்ளையை எந்த வீட்டில் தேடுவது?

ஆளுக்கு ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்தார்கள். மாமாவுக்கு அரக்கு. மேசை நாற்காலிகளுக்கு மெருகு போட்டே நாற்பது வருடம் ஓட்டியவர். அரக்கைத் தவிர மற்றவை எல்லாம் அவருக்கு 'பிளாஸ்டிக் பால்'. அண்ணனுக்கு இரண்டு பகுதிக் கார் பூச்சு. "பாப்பா, மழையிலும் வெயிலிலும் நிற்கிற கார் மேலேயே பத்து வருடம் தாங்குகிறது. உன் பந்து என்ன செய்துவிடும்?" என்பான். வாதம் சரிதான். பின்பால் இயந்திரங்கள் செய்த வில்லியம்ஸ் நிறுவனமே 1990 வாக்கில் லாக்கரை விட்டுவிட்டு, டயமண்ட் பிளேட் என்று பெயர் வைத்துக் கடினமான பாலியூரித்தேன் பூச்சுக்கு மாறியது. ஆனால் அண்ணன் சொல்லும் பூச்சை இறுகவைக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தெளிக்கும்போது அது நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவந்துவிடும். ஒருமுறை உடம்பு அதோடு பகைத்துக்கொண்டால் பிறகு துளி பட்டாலும் ஆகாது. வாசனையை வைத்து உஷாராகலாம் என்றால் அதுவும் முடியாது. மூக்கு உணரும் அளவுக்கு வந்துவிட்டது என்றால் ஏற்கெனவே அளவு மீறிவிட்டது என்று பொருள். வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடிதான் கதி. இதை நான் வாய்விட்டுப் படித்தபோது இவர் செய்தித்தாளை இறக்கவே இல்லை. "நீ போய்ச் சேர்ந்துவிட்டால் அந்த இயந்திரத்தில் யார் ஆடுவது? எனக்கு ஆடத் தெரியாது" என்றார். அக்கறையைக் காட்டுவதில் அவருடைய பாணி அது.

எனக்குத் தண்ணீரில் கரையும் பாலியூரித்தேன் மேல் ஒரு கண். நாற்றம் குறைவு, மஞ்சளாகாது, தூரிகையைத் தண்ணீரிலேயே கழுவிவிடலாம். ஆனால் போடும்போது பால்போல் வெளுத்துத் தெரியும். ராணியின் முகம் மறைகிற அந்தச் சில நிமிடங்களில் கொலை செய்துவிட்டதைப்போல் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அப்புறம் மெல்லத் தெளிகிறது. மென்மையும் கொஞ்சம் அதிகம்தான்.

என் மாமியாரான அத்தை மட்டும் எதையும் கொண்டுவரவில்லை. அவருக்கு இந்த இயந்திரமே சூதாட்டம். நானும் மறுக்கவில்லை. நியூயார்க் நகரமே அப்படித்தான் நினைத்தது. மேயர் லா கார்டியா பின்பால் இயந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்தார், 1942இல் தடையே போட்டுவிட்டார் என்று ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். "அந்த மேயர் இப்போது இருக்கிறாரா?" என்று ஆவலாகக் கேட்டார் அத்தை. இல்லை, 1947இல் காலமாகிவிட்டார், அதே வருடத்தில்தான் ஃபிளிப்பர் வைத்த முதல் இயந்திரம் வந்தது என்றேன். அதற்கு முன் பந்தை விட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்க்க வேண்டியதுதான். 1976இல் ரோஜர் ஷார்ப் என்பவர் அதிகாரிகள் முன்னால் ஆடிக் காட்டி, இந்த வழியாகப் பந்தை அனுப்புகிறேன் என்று சொல்லி அப்படியே அனுப்பிய பிறகுதான் தடை நீங்கியது. அத்தை இதையெல்லாம் கேட்டுவிட்டு, மேயருக்காகக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டார்.

ஆக, யார் சொல்வதையும் நம்பாமல் ஒட்டுப்பலகையை ஒன்பது துண்டாக அறுத்தேன். லாக்கர் ஒன்று, அரக்கு ஒன்று, எண்ணெய் சேர்ந்த பாலியூரித்தேன் ஒன்று, தண்ணீர்ப் பாலியூரித்தேன் மூன்று தடவையில் ஒன்று, ஆறு தடவையில் ஒன்று, அரக்கின் மேல் அதையே போட்டு ஒன்று, சாதாரண அக்ரிலிக் ஸ்பிரே ஒன்று. எட்டாவது, அடிப்புறப் பொத்தானை அழுத்தினால் உள்ளேயே ஹார்டனர் உடைந்து கலக்கும் டப்பா. ஒன்பதாவது, அண்ணன் தன் பட்டறையில் தெளிப்புத் துப்பாக்கியால் அடித்தது. எட்டாவதையும் அவனிடமே கொடுத்துவிட்டேன். முகமூடி அவனிடம்தானே இருக்கிறது. ஒவ்வொன்றின் பின்னாலும் எண் எழுதிய தாளை ஒட்டினேன். குறிப்பேட்டில் தேதி, தடவைகள், இடைவெளி, ஈரப்பதம். என் பிரசவத்துக்குக்கூட இவ்வளவு குறிப்பு எழுதியதில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு முழ உயரத்திலிருந்து ஒவ்வொன்றின் மேலும் பந்தைப் போட்டுக் குழியை அளப்பதாகத் திட்டம்.

அந்த ஒன்பதைத்தான் இன்று வீடு முழுவதும் பொறுக்கினேன்.

ஒன்று துணி துவைக்கும் இயந்திரத்தின் காலுக்கு அடியில். ஆட்டத்தில் பூச்சு வெடித்துச் செதில் செதிலாக வந்திருந்தது. லாக்கராகத்தான் இருக்க வேண்டும், குணம் மாறவில்லை. ஒன்று மாமாவின் மேசையில், அவருடைய சூடான டம்ளருக்குக் கீழே. எடுத்துப் பார்த்தால் நிலவைச் சுற்றிய வட்டம்போல் வெள்ளை வளையம். சந்தேகமே இல்லை, அரக்கு. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். "டம்ளர் சரியில்லை" என்றார். சன்னலுக்கு முட்டுக்கொடுத்திருந்தது வெள்ளைப் பட்டையே பழுப்பாகத் தெரிந்த எண்ணெய்ப் பூச்சு. இரண்டு துண்டுகள் சின்னவளின் பொம்மை வீட்டுக்குச் சுவராகிவிட்டன. கட்டிலின் ஆடும் காலுக்கு ஒன்று, ஏணிக்கு ஒன்று. ஒன்றைக் காணவே காணோம்.

ஆனால் அந்தக் குளியலறைத் துண்டு! தினமும் ஐந்து பேர் காலால் உதைத்துச் செருகுகிறார்கள், காலால் உதைத்து எடுக்கிறார்கள், நாளெல்லாம் ஈரம், சோப்பு நுரை. ஒரு கீறல் இல்லை. ஒரு வெளுப்பு இல்லை. நான் வடிவமைத்த எந்தச் சோதனையும் இதற்கு ஈடாகாது. வெற்றியாளர் கிடைத்துவிட்டார் என்று பரவசமாகத் திருப்பினேன்.

பின்பக்கம் மொட்டையாக இருந்தது. ஒட்டிய தாளைக் காணோம்.

ஒரு மூலையில் அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. அப்படியானால் இரண்டு பகுதிப் பூச்சு. எட்டா ஒன்பதா என்பதுதான் கேள்வி. வீடே சேர்ந்து வேண்டாம் என்று தள்ளியதுதான் வென்றிருக்கிறது. அண்ணன் காதில் இது விழுந்தால் தீபாவளி, பொங்கல் எல்லாவற்றுக்கும் இதையே பேசுவான் என்று கவலைப்பட்டுக்கொண்டே அத்தையிடம் போனேன்.

மாமியாரிடம் எப்படிக் கோபப்படுவது என்று எனக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியவில்லை. "அத்தை, அந்தத் துண்டுகளின் பின்னால் சின்னத் தாள் ஒட்டியிருந்ததே..." என்று குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டேன்.

"ஆமாம், அசிங்கமாக இருந்தது. தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தேன், பசை போகவில்லை. அப்புறம் பலகைக்குப் போடுகிற அந்த ஸ்பிரேயை அடித்துத் துடைத்தேன். அழகாக வந்துவிட்டது."

"எந்தப் பலகைக்கு, அத்தை?"

"உன் பலகைக்குத்தான்."

கூடம் ஒருமுறை சுற்றி நின்றது. மேசை நாற்காலிக்குப் பளபளப்பு கொடுக்கும் ஸ்பிரே அது. உள்ளே சிலிக்கோன். வாரம் ஒருமுறை, நான் வேலைக்குப் போன பிறகு, எட்டு மாதமாக, தேய்ந்த இடங்களில் கொஞ்சம் கூடுதலாக. பூச்சுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. சிலிக்கோன் இருக்கும் இடத்தில் எந்தப் பூச்சும் தரிக்காது. பயந்து விலகி வட்டம் வட்டமாகக் குழிந்துவிடும். மீன்கண் என்பார்கள். என் பலகையில் இப்போது எந்தப் பூச்சைப் போட்டாலும் ஒரு மீன்சந்தையே விழித்துப் பார்க்கும்.

அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எட்டு மாதமாகக் "கொண்டு வா, கொண்டு வா" என்றவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாப்பா, அந்தப் பலகையைப் பட்டறைப் பக்கம் கொண்டுவந்துவிடாதே. அந்த ஸ்பிரே டப்பாவைத் தொட்ட கையோடு நீயும் வராதே" என்றான்.

"எதற்கு அத்தை துடைத்தீர்கள்? உங்களுக்குத்தான் அது பிடிக்காதே" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

"எனக்கு என்ன பிடிப்பது? நீதான் தினமும் சாயங்காலம் வந்ததும் பையைக்கூட வைக்காமல் அதன் எதிரே நின்று பெருமூச்சு விடுகிறாய். துடைத்துவைத்த அன்றைக்கு மட்டும் விடுவதில்லை."

எனக்குப் பதில் வரவில்லை. குறிப்பேட்டைப் புரட்டினேன். என் கையெழுத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை: 'மாலை வெளிச்சத்தில் நிறங்கள் மிகத் தெளிவு. காரணம் தெரியவில்லை.' அடுத்த செவ்வாய்: 'மீண்டும்.'

இதற்குள் மாமா பின்கட்டில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால், அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் போட்டு ஊறவைத்துக்கொண்டிருக்கிறார். சிலிக்கோன் குடித்த மேசைகளை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறாராம். நன்றாகத் துடைத்துவிட்டு, மெழுகு நீக்கிய அரக்கை மெலிதாக ஒரு தடவை போட்டால் அது சிலிக்கோனை அடியிலேயே அமுக்கிவிடும். அதன் மேல் என்னுடைய தண்ணீர்ப் பூச்சைப் போட்டுக்கொள்ளலாம் என்றார். என் ஆறாம் எண் துண்டும் அதுதான். காணாமல் போனதும் அநேகமாக அதுதான். மெழுகு கீழே படிய நாளாகும், மேலே தெளிந்ததை மட்டும் வடித்துக்கொள், முதலில் ஒரு மூலையில் போட்டுப் பார் என்றார். 'நான் அப்போதே சொன்னேன்' என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

மதியம் சன்னல்களை எல்லாம் திறந்துவைத்து, கையுறை மாட்டிக்கொண்டு, நாப்தா என்ற கரைப்பானில் துணியை நனைத்துத் துடைக்கத் தொடங்கினேன். சிறிது நேரத்தில் அத்தையும் சின்னவளின் ஓவிய வகுப்புக் கையுறையைப் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்து நின்றார். "ராணி இருக்கிற பக்கம் எனக்கு" என்றார்.

நான் ஒரே துணியால் இரண்டாவது முறை துடைக்கப்போனேன். "அழுக்கை எடுத்து மறுபடியும் அங்கேயே பூசுகிறாயே, துணியை மாற்று" என்று அதட்டினார். மாற்றினேன்.

உள்ளே குளியலறைக் கதவு டமார் என்று அடித்தது. "அந்தத் துண்டை எடுத்தது யார்?" என்று இவர் கத்துகிறார்.