ஒற்றைக் கை

ஆகஸ்ட் 1, வெள்ளி
வெல்க்ரோ ஷூவை அப்பா எட்டி உதைத்துவிட்டார். இடது காலால்தான். வலது பக்கம்தான் வேலை செய்யவில்லையே.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட். லேஸ் மட்டும் வாங்கப் போனேன். "எத்தனை ஓட்டைம்மா?" என்றார் கடைக்காரர். போன் போட்டு அம்மாவை எண்ணச் சொன்னால் ஒரு தடவை பதினொன்று, மறு தடவை பன்னிரண்டு. பக்கத்துக்கு ஆறுதான் என்று எனக்கே தெரியும், ஏன் கேட்டேனோ. 120 செ.மீ. கறுப்பு, பருத்தி, ரெண்டு ஜோடி. நைலான் பளபளவென்று இருந்தது, ஆனால் அது வழுக்கும், முடிச்சு நிற்காது.

ஆகஸ்ட் 5
தூக்கம் வரவில்லை. பீரோ மேல் அப்பாவின் சிவப்புப் போலீஸ் தொப்பி பாலித்தீன் கவருக்குள் இருக்கிறது, கீழே அந்த ஷூ. அப்பா ஒருநாளும் பெருக்கல் குறி மாதிரி லேஸ் கோர்த்தது கிடையாது. வெளியே படிக்கட்டு போல நேர்க்கோடுகள் மட்டும் தெரியும், மேலே ஏறுகிற வேலையெல்லாம் உள்ளே மறைந்திருக்கும். ஓட்டை ஜோடி இரட்டைப்படையாக இருந்தால்தான் அது சரியாக வரும், ஐந்து ஜோடி ஓட்டை உள்ள ஷூவை அவர் கடையிலேயே திருப்பிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி முழுக்க போனில் இதையே படித்துக்கொண்டிருந்தேன். ஆறு ஜோடி ஓட்டையில் லேஸ் கோர்க்கக் கிட்டத்தட்ட 2 லட்சம் கோடி வழி இருக்கிறதாம். ஆஸ்திரேலியாவில் பர்கார்ட் போல்ஸ்டர் என்ற கணித ஆசிரியர் 2002இல் 'நேச்சர்' இதழில் இதற்கென்றே எழுதியிருக்கிறார்: இறுக்கிப் பிடிப்பதில் பெருக்கல் குறியும் நேர்க்கோடும்தான் முதல், லேஸ் குறைவாகச் செலவாவது கழுத்தில் கட்டும் போ-டை மாதிரிக் கோர்ப்பதில். அதே நாட்டு இயன் ஃபீகன் முடிச்சின் இரண்டு காதையும், அதாவது வளையத்தையும், ஒரே நேரத்தில் செய்து ஒன்றுக்குள் ஒன்றை இழுத்து நொடியில் முடிச்சுப் போடுகிறார். எல்லாம் சரி. எல்லாவற்றுக்கும் ரெண்டு கை வேண்டும்.

ஆகஸ்ட் 6
ரிப்போர்ட் வரவில்லை. நாளைக்கு வாங்க.

ஆகஸ்ட் 7
நாளைக்கு வாங்க.

ஆகஸ்ட் 8, வெள்ளி
பிசியோ அண்ணன் சொன்ன வழி. லேஸின் ஒரு முனையில் பெரிய குமிழாக முடிச்சு, அது அடி ஓட்டையின் உள்பக்கம் மாட்டி நின்றுவிடும். மறு முனை ஒன்றை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று நெளிநெளியாக மேலே ஏற்ற வேண்டும். கடைசியில் முனையை மடித்து ஒரு காது செய்து, மேல் கோட்டுக்கு அடியில் செருகி இழுத்தால் இறுகிவிடும். அவிழ்க்க வால் பக்கம் இழுத்தால் போதும். வலது கையைத் துப்பட்டாவில் கட்டிக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து செய்து பார்த்தேன், பதினான்கு நிமிஷம். குக்கர் விசில் அடிக்கிறது, எழுந்து அணைக்கக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கையோடு அவர் எப்படி மூன்று வாரமாக

ஆகஸ்ட் 9
பீச் ரோட்டில் காந்தி சிலையிலிருந்து நூறடி போவதற்குள் என் லேஸ் அவிழ்ந்தது, ரெண்டாவது தடவை. ஏன் என்பதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. கலிபோர்னியாவில், 2017இல். ஓடும்போது கால் தரையில் அடிக்கிற விசை புவியீர்ப்பைப் போல ஏழு மடங்கு, அதில் முடிச்சு தளர்கிறது, ஆடுகிற வால்கள் மிச்சத்தை இழுத்துவிடுகின்றன. ஆனால் என் முடிச்சே தப்பு. காதுகள் ஷூவுக்குக் குறுக்கே படுக்காமல் நீளவாக்கில் திரும்பி நின்றால் அது தளர்கிற முடிச்சு. முதல் சுற்றை மட்டும் எதிர்த்திசையில் போட்டால் சரியாகிவிடும். முப்பது வருஷமாகத் தப்பாகவே கட்டியிருக்கிறேன். ரெண்டாம் வகுப்பில் அப்பாதான் சொல்லிக்கொடுத்தார். முதல் பாதியை எதிரே உட்கார்ந்து காட்டினார், நான் கண்ணாடி மாதிரித் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். மறு பாதிக்குப் பின்னால் வந்து என் கையைப் பிடித்துக் கட்டினார். கோபமே வரவில்லை. பாரதி பூங்கா வரை வால் தரையில் இழுபட அப்படியே நடந்தேன்.

ஆகஸ்ட் 10
வலது கால் வீக்கம். மேல்பாதத்தில் எங்கே அழுத்துகிறதோ அந்த ஜோடியில் மட்டும் குறுக்கே போகாமல், பக்கத்திலேயே மேலே ஏற்றிவிட்டேன். ஜன்னல் மாதிரி இடம் விட்டது. "ம்" என்றார். இந்த வாரத்தில் கேட்ட நல்ல வார்த்தை.

ஆகஸ்ட் 12
ரிப்போர்ட் வந்தது.

ஆகஸ்ட் 13
அப்பா ஷூவைச் சுவரில் எறிந்தார். "எனக்கெதுக்குப் பாப்பா இது, எங்க போறேன்?" அம்மா வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். நானும் கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 15, வெள்ளி
காலையில் டிவியில் பீச் ரோடு அணிவகுப்பு. அப்பா முகங்களைப் பார்க்கவில்லை, கால்களையே பார்த்தார். முடிந்ததும் விரலால் ஷூவைக் காட்டினார். நான் கோர்த்து வைத்த நெளிவைப் பார்த்துவிட்டு, ஒற்றைக் கையால் மொத்தத்தையும் உருவிப் போட்டார். கோபம் என்றுதான் நினைத்தேன். இல்லை. குமிழ் முடிச்சை இடது அடி ஓட்டைக்குள் நிறுத்தினார், வெளியே வந்த லேஸை நேராக எதிர் ஓட்டைக்குள் இறக்கினார், உள்ளேயே சாய்வாக மேலே கொண்டுவந்து மறுபடி இடது பக்கமே வெளியே எடுத்தார். மறுபடி நேராக. சாய்வெல்லாம் உள்ளே. வெளியே படிக்கட்டு. பிசியோ அண்ணன் இதைச் சொல்லவில்லை.

மூன்று கோடு ஆகிவிட்டது. நாலாவது ஓட்டையில் லேஸ் நுனி பிரிந்து நுழையமாட்டேன் என்கிறது, நுனியைத் தோய்க்க மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருக்கிறேன், சாமி அலமாரியில் இருந்ததை அம்மா எங்கே வைத்தாளோ, அவர் "பாப்பா, பாப்பா" என்று