சேனலை மூட வேண்டாம், எண்ணை மாற்றினால் போதும்

சூளைமேட்டில் நான் கேபிள் நடத்திய காலத்தில், ஒரு சேனலை ஒழிக்க யாரும் தடை போடத் தேவைப்பட்டதில்லை. செய்திச் சேனல் வரிசையிலிருந்து எடுத்து, தெருவில் யாருக்கும் புரியாத மொழிச் சேனல்களுக்கு நடுவே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். மறுநாள் காலையிலிருந்து போன்: "அண்ணே, அந்தச் சேனல் வரலையே?" வருதும்மா, 500-க்கு மேல தள்ளிப் பாருங்க என்பேன். கொஞ்ச நாளில் போனும் நின்றுவிடும். மாற்றச் சொன்னது யார் என்று என்னைப் போன்ற தெரு ஆபரேட்டருக்குச் சொல்ல மாட்டார்கள். மேலேயிருந்து சிக்னலே அப்படித்தான் வரும்.

அதனால்தான் ஹங்கேரி கதை எனக்குப் புதிதாகப் படவில்லை. 2010-ல் அங்கே பிரதமராக ஆட்சிக்குத் திரும்பிய விக்டோர் ஓர்பான், மக்கள் என் பக்கம், பத்திரிகைக்காரன்தான் எதிரி என்று அரசியல் செய்தவர். ஆனால் பூட்டுப் போட போலீஸை அனுப்பவில்லை. 2016 அக்டோபரில், அவரை விமர்சித்து வந்த 'நேப்ஸபாட்ஷாக்' நாளிதழை, நஷ்டம் என்று சொல்லி உரிமையாளரே நிறுத்தினார். சில வாரங்களில் அந்த நிறுவனம் ஓர்பானுக்கு வேண்டியவர்கள் கைக்குப் போனது. 2018-ல் அவர் ஆதரவு முதலாளிகள் 400-க்கும் மேற்பட்ட பத்திரிகை, வானொலி, இணையதளங்களை ஒரே அறக்கட்டளைக்குச் சும்மா எழுதிக் கொடுத்தார்கள். சும்மா! இங்கே அரை கிரவுண்டு நிலத்தை அப்படி யாராவது கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? இத்தனையும் ஒரே கையில் சேரலாமா என்ற போட்டிச் சட்ட விசாரணை வராமல் அரசு விலக்கும் கொடுத்தது.

நம்மூர்க் கட்சிச் சேனல்களைப் பலர் திட்டுகிறார்கள். எனக்கு அவ்வளவு கோபமில்லை. 1993-ல் சன், 1999-ல் ஜெயா, 2007-ல் கலைஞர். எது யார் வீட்டுச் சேனல் என்பது டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்போம். 'நடுநிலை' என்று போட்டுக்கொள்கிற சேனலில்தான் எதைக் கழிப்பது என்று தெரியாது. அதன் முதலாளிக்கு வேறு என்ன தொழில், எந்த அனுமதிக்குக் காத்திருக்கிறார், யாரிடம் கடன் என்பதெல்லாம் திரையில் ஓடாது. என்டிடிவியையே பாருங்கள். அதன் நிறுவனர்களின் கம்பெனி 2009-ல் வாங்கிய கடன், பங்காக மாற்றிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு வந்தது. 2022-ல் கடன் கொடுத்த நிறுவனத்தை அதானி குழுமம் வாங்கியது. அந்த நிபந்தனை வழியாக என்டிடிவியின் ஏறத்தாழ 29 சதவீதப் பங்கு கைமாறியது. செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கடன் தெரியும்?

விளம்பரமும் அதே மாதிரிப் பிடிதான். ஹங்கேரியின் 'இண்டெக்ஸ்' செய்தி இணையதளத்துக்கு விளம்பரம் பிடித்துத் தந்த நிறுவனத்தில் 2020-ல் ஆளுங்கட்சிக்கு நெருக்கமான தொழிலதிபர் பாதிப் பங்கு வாங்கினார். சில மாதத்தில் ஆசிரியர் நீக்கப்பட்டார். 70-க்கும் மேற்பட்டோர் ராஜினாமா செய்தார்கள்; அவர்களில் பலர் சேர்ந்து, வாசகர் கொடுத்த பணத்தில் 'டெலக்ஸ்' என்ற புதிய செய்தித் தளத்தைத் தொடங்கினார்கள்.

இங்கே நடக்குமா? நம் செய்திச் சேனல்களில் பெரும்பாலானவை இலவசம், விளம்பரத்தில் ஓடுபவை. வசூலுக்குப் போனவன் என்பதால் சொல்கிறேன்: சீரியல் சேனல் கட்டானால் அன்றைக்கே பணத்தோடு வாசலில் நிற்பார்கள். நியூஸுக்குத் தனியாக ஐந்து ரூபாய் கேட்டுப் பாருங்கள். "அதான் வாட்ஸப்லயே வருதே."