அது ஒரு கடதாசிதானே

நாகபட்டினம் போய்வந்ததைப் பற்றி யார் கேட்டாலும் கப்பலைச் சொல்கிறேன், மேடையைச் சொல்கிறேன், பிள்ளைகள் பாடியதைச் சொல்கிறேன். “அது ஒரு கடதாசிதானே அக்கா” என்று நான் சொன்னதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் பள்ளிக்கூடப் பாட்டுக்குழுவில் 20 பிள்ளைகள். 19 பேருக்குக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. மேல்ஸ்தாயியில் ஏறிப் பாடுகிறவளுக்கு மட்டும் வரவில்லை. அவளுக்கு அப்போது வயது 15. பதினாறுக்குக் குறைந்த பிள்ளை என்றால் தாய், தகப்பன் இருவருடைய சம்மதமும் வேண்டும். ஒருவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ். அவளுடைய அப்பா, யுத்தம் முடிந்த 2009 மே மாதம், முல்லைத்தீவு வட்டுவாகல் பாலம் கடந்து ஆமியின் பக்கம் வந்த அன்று, ஆமி ஏற்றிய பஸ்ஸில் ஏறியவர். பிறகு திரும்பி வரவில்லை. அவள் அப்போது மூன்று மாதக் கைக்குழந்தை. அப்படிக் காணாமல் போனவர்களுக்கு மரணப் பதிவு செய்ய 2010இலேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் சிலர் காணி அலுவலுக்கென்று எடுத்தும் இருக்கிறார்கள். அவளுடைய அம்மா எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போனேன். அவ கிளிநொச்சியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தா. கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20இலிருந்து, காணாமல் போன தங்கள் உறவுகளைக் கேட்டு அம்மாமார் போராட்டம் இருக்கிறார்களே, அங்கே போய்விட்டு. காலில் புழுதி. தேத்தண்ணி போட்டுத் தந்தா. நான் கப்பல் திகதியைச் சொன்னேன், விசாவுக்கு எத்தனை நாள் எடுக்கும் என்று சொன்னேன், பிள்ளையின் குரலைப் பற்றிச் சொன்னேன். அப்புறம் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அவ கோபப்படவில்லை. “ரீச்சர், நான்தான் அவரை பஸ்ஸில ஏத்தினனான். ஏறுங்கோ, விசாரிச்சுப்போட்டு விட்டிடுவினம் எண்டு சொன்னதும் நான்தான். இப்ப செத்துப்போனார் எண்டு கையெழுத்து வைக்கிறதும் நானோ?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. அடுத்த நாள் பழக்கம் முடிந்ததும் பிள்ளையைக் கூப்பிட்டு, “நீயும் ஒருக்கா அம்மாவைக் கேட்டுப் பார்” என்றேன். தாயால் முடியாது என்று தெரிந்த ஒன்றைப் பிள்ளையின் வாயால் கேட்கவைக்கப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்காக மற்ற 19 பேரின் பயணத்தைத் தள்ளிப்போட முடியாது, மழைக்காலம் வந்தால் கப்பலும் ஓடாது. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவை உண்மைதான். ஆனால் அவளில்லாமல் அந்தப் பாட்டு எடுபடாது என்பதும் என் மனதில் இருந்தது. நான் அவளுக்காகப் போனேனா பாட்டுக்காகப் போனேனா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளே வந்தாள். “ரீச்சர், எனக்குத் தொண்டை சரியில்லை. நான் வரேல்லை.” அம்மாவைக் கேட்டாளா என்று நான் கேட்கவில்லை. “சரி, சுடுதண்ணி குடி” என்றேன். எனக்கு ஆறுதலாக இருந்தது. அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

சுருதியை ஐந்தரைக் கட்டையிலிருந்து ஐந்துக்கு இறக்கினேன். அவளுடைய வரிகளை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தேன். காங்கேசன்துறையிலிருந்து நாலு மணித்தியாலம் கடல். பிள்ளைகள் பாதிப் பேர் சத்தி எடுத்தார்கள், மீதிப் பேர் பாடிக்கொண்டே வந்தார்கள். அங்கே அருவிவெட்டுப் பாட்டு என்று அறிவித்ததும் சபையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அருவி என்றால் அவர்களுக்கு மலையிலிருந்து விழுகிற தண்ணீர். நெல் அறுக்கிற பாட்டு என்று விளக்கியதும், எங்கள் பக்கத்து நடவுப் பாட்டைக் கேளுங்கள் என்று ஒரு அம்மா எழுந்து பாடினா. பிள்ளைகள் அதைத் திரும்பிவரும் கப்பலிலேயே பழகிவிட்டார்கள். நல்ல பயணம். அதை நான் மறுக்கமாட்டேன்.

வந்தபிறகுதான் 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பற்றி அறிந்தேன். இறந்தவர் என்று எழுதாமல் காணாமல் போனவர் என்றே பதிந்து தருகிற சான்றிதழ் ஒன்றும் இருக்கிறது. போகுமுன் இதை விசாரித்திருக்க வேண்டியவள் நான். இதையும் சேர்த்து வேண்டாம் என்கிற அம்மாமார் நிறையப் பேர். அதனால் சொன்னாலும் அவ மறுத்திருப்பா என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனால் நான் அவவிடம் இன்னும் சொல்லவில்லை. மறுபடி ஒரு கடதாசியோடு அந்த வாசலில் போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை.

பிள்ளைகள் நாகூரில் அவளுக்குக் கண்ணாடி வளையல் வாங்கிவந்தார்கள். போட்டுக்கொண்டு வருகிறாள். தமிழ்த்தினப் போட்டிக்கு அதே பாட்டைத்தான் பழகுகிறோம். சுருதியை மறுபடி ஐந்தரைக்கு ஏற்றியாயிற்று. மேலே போகிற இடத்தை அவள்தான் பாடுகிறாள். தொண்டையில் ஒரு குறையும் இல்லை. அந்த வரி வரும்போது நான் ஆர்மோனியத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.