வெள்ளைக்கல் மேட்டில் பெரியம்மாவுடன்

18 ஜனவரி 2025, சனி

பொங்கலுக்கு வந்த பெரியம்மா திருப்பூர் திரும்புவதற்குள் இங்கே சேலத்தில் மாமாங்கம் பக்கம் போய் வெள்ளைக்கல் சுரங்கத்தைப் பார்த்துவிட வேண்டும் என்கிறார். கல்யாணமான புதிதில் அங்கே கல் கழிக்கப் போனவர், இடுப்பு வலி படுத்தும்வரை அந்த வேலையை விடவில்லை. நாளை நான்தான் துணை.

இரவு கொஞ்சம் படித்தேன். பார்வைக்குச் சுண்ணாம்பு போலிருக்கும் அந்தக் கல் மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த மிடில்மிஸ் 1896இலேயே இந்தக் குன்றுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். கல்லின் பெயரிலேயே மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. எத்தனையோ முறை அதைக் கடந்து போயும் ஒரு நாளும் அங்கே இறங்கத் தோன்றியதில்லை.

19 ஜனவரி, ஞாயிறு

புதிய பஸ் நிலையத்தில் ஓமலூர் பஸ் ஏறி மாமாங்கத்தில் இறங்கினோம். எதிரே சேர்வராயன் மலை. அதன் அடிவாரத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடுகள், அவற்றுக்கு நடுவே வெளுத்த பள்ளங்கள். உள்ளே போக அனுமதி கிடையாது. வேலியோரமாகவே நடந்தோம்.

வெட்டிய பாறைச் சுவரைப் பெரியம்மா விரல் நீட்டிக் காட்டினார். பழுப்பும் பச்சையும் கலந்த டூனைட் பாறைக்குள் வெள்ளைக்கல் கொடிகொடியாகப் படர்ந்திருந்தது. ஓர் இடத்தில் விரல் அகலம், இன்னோர் இடத்தில் கை அகலம், சில இடங்களில் நூலாக மெலிந்து காணாமலே போகிறது. பெரிய பாளமாகக் கிடைக்காத கல் இது. பாறையை உடைத்து, வெள்ளையைத் தனியாகப் பிரித்து, அதில் ஒட்டியிருக்கும் கழிவைச் சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் பெண்கள்.

வழியில் கிடந்த ஒரு துண்டை எடுத்து, என் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கழுவினார். இன்னொரு கல்லால் ஒரே தட்டு. உடைந்த பக்கம் சிப்பியின் உட்புறம்போல் வழவழவென்று வளைந்திருந்தது.

“இது நல்ல கல், கண்ணு. இதில் மினுமினுப்பு இருந்தால் தள்ளிவிட வேண்டும். அந்தக் கல் சுத்தியலையே திருப்பி அடிக்கும்.”

அந்த மினுமினுப்பு சிலிக்கா. அது அதிகமாக இருந்தால் உலைச் செங்கலுக்குக் கல் உதவாது. ஆய்வகத்தில் சதவீதமாக எழுதியதைப் பெரியம்மா கையிலேயே கண்டுபிடித்திருக்கிறார். ஆனாலும் அவரை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரர் ஆண்களுக்கு ஒரு கூலி, பெண்களுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்றுதான் கொடுத்திருக்கிறார். கேட்கும்போதே எனக்குக் கொதித்தது. பெரியம்மாவோ கூலியைப் பற்றிப் பேசியதைவிடப் புழுதியைப் பற்றித்தான் அதிகம் பேசினார். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாலும் வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் தண்ணீர் வெள்ளையாக ஓடுமாம்.

வேலியோர நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். எதிரே தெரியும் மலையின் உச்சியில் முன்பு பாக்சைட் எடுத்தார்கள். அது மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. தென்மேற்கே கஞ்சமலையில் இரும்புத் தாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சேலத்து மண்ணில் ஏதோ ஒரு தாது இருக்கிறது.

22 ஜனவரி, புதன்

பெரியம்மா ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு அந்தக் கல் மனதைவிட்டுப் போகவில்லை. சூளையில் சுடும்போது கரியமில வாயு வெளியேறி, எடையில் பாதிக்கும் மேல் போய்விடுகிறது. இரண்டு டன் சுத்தமான கல்லைச் சுட்டால் ஒரு டன்கூடத் தேறாது. மிஞ்சும் மக்னீசியா சுமார் 2,800 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. அதனால்தான் உருகிய எஃகு கொதிக்கும் உலைகளின் உட்சுவருக்கு அதில் செய்த செங்கல் வைக்கிறார்கள். எஃகின் பெருமையைப் பேசும் சேலம், அந்த உலைக்குக் கல் கழித்துக் கொடுத்த பெண்களையும் பேச வேண்டும். எந்தக் கல் தேறும், எது தேறாது என்ற அவர்களுடைய கணக்கு அவர்கள் இருக்கும்போதே எழுத்தில் ஏற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்று போனில் அதைச் சொன்னேன். கூட வேலை செய்தவர்களில் இருவர் ஜாகீர் அம்மாபாளையத்தில் இருக்கிறார்களாம், விலாசம் வாங்கித் தருகிறேன் என்றார். வரும் ஞாயிறு போகிறேன். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றதற்கு, “எந்தக் குழியில் வேலை பார்த்தீர்கள் என்று மட்டும் கேள், கண்ணு. மீதியை அவர்களே சொல்வார்கள்” என்றார்.