அம்மாவின் அலுமாரியில் இருந்த அட்டை

மூத்தவனை யாழ்ப்பாணத்தில் பெற்றேன். இரவு முழுவதும் வலி தின்ற பிறகு பிள்ளையின் இதயத்துடிப்பு குறைகிறது என்றார்கள். விடிவதற்குள் சிசேரியன் முடிந்துவிட்டது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்க நேரமும் இருக்கவில்லை. அம்மாவின் சரக்குக் கறியில் உடம்பு தேறியது.

லண்டனுக்கு வந்து மூன்றாம் வருடம் மறுபடி கர்ப்பமானேன். "இந்த முறை எப்படிப் பெற விரும்புகிறீர்கள்?" என்று மருத்துவிச்சி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்ன பிறகும் நான் விழித்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் சொல்வதற்குத் தலையாட்டித்தான் எனக்குப் பழக்கம்.

ஒரு சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவத்துக்கு முயல்பவர்களில் 100 பேருக்கு 72 முதல் 75 பேர் வரை அப்படியே பெறுகிறார்களாம். வலியின்போது கர்ப்பப்பையின் பழைய தழும்பு கிழிவது 200 பேரில் ஒருவருக்கு. மறுபடியும் வெட்டினால் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடும். கணவருக்கு 75 பேர் தெரிந்தார்கள். எனக்கு அந்த ஒருத்திதான் தெரிந்தாள்.

"உள்ளே எந்தப் பக்கமாக வெட்டினார்கள்?" என்றார் டாக்டர். வயிற்றுத் தழும்பைக் காட்டினேன். அது போதாதாம். வெளியே குறுக்காகத் தெரிந்தாலும் கர்ப்பப்பையில் நெடுக்காக வெட்டியிருக்கலாம். அப்படியானால் வலி வரும்வரை காத்திருக்கக்கூடாது.

அன்றிரவே அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சிசேரியன் பற்றி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த டயக்னோசிஸ் கார்ட்டை, காணி உறுதிக்கும் என் சாதகக் குறிப்புக்கும் நடுவில் வைத்திருந்தார். நாலாக மடித்து மடித்து, மடிப்பில் மை தேய்ந்திருந்தது. மிஞ்சிய எழுத்துகள் நான்கு: எல்.எஸ்.சி.எஸ். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு. ஊரிலிருந்து புறப்படும் பெண்கள் கடவுச்சீட்டோடு இந்த அட்டையையும் கட்டாயம் எடுத்து வரவேண்டும்.

"பிள்ளை, ஏன் இன்னொரு முறை வலி தின்கிறாய்? நல்ல நாள் பார்த்து எடுத்துவிடு" என்றார் அம்மா. அவர் பக்கத்தில் இருந்திருந்தால் சம்மதித்திருப்பேன். இங்கே மாடிப்படி, நாலு வயதுப் பையன், விடியமுன் வேலைக்குப் போகும் கணவர். வெட்டுக் காயத்தோடு படுத்திருக்க எனக்கு ஆளில்லை. சுகப்பிரசவத்துக்கு முயல்வதென்று முடிவெடுத்தேன். பிள்ளையின் துடிப்பை விடாமல் கண்காணிப்பது, அதில் குழப்பம் தெரிந்தால் உடனே சிசேரியன் செய்வது என்று எழுதிக்கொண்டார்கள்.

பதினொரு மணிநேர வலிக்குப் பிறகு மகள் தானாகப் பிறந்தாள். ஈரம் காயாத அவளை நெஞ்சில் வைத்தபடியே அம்மாவை அழைத்தேன். அழுகைக்கு நடுவே அவர் கேட்டார்:

"எத்தனை மணி, எத்தனை நிமிடம்? குறிப்பு எழுத வேண்டும்."