ராடெட்ஸ்கி கப்பல்: மூன்றாவது சக்கரமும் உரசுகிறது

சென்ற ஞாயிறு இரவு இடப்பக்கத் துடுப்புச் சக்கரத்தை அச்சில் மாட்டி விரலால் சுண்டியபோது, அது முக்கால் சுற்று ஒழுங்காகச் சுழன்று, மிச்சக் கால் சுற்றில், சக்கரத்தை மூடும் கூண்டின் உட்புறத்தை உரசி நின்றது. இது மூன்றாவது சக்கரம். உடற்பகுதி, மேல்தளம், புகைபோக்கி எல்லாம் ஒரே மாதத்தில் முடிந்தன. இந்தச் சக்கரம் மட்டும் ஏழு வாரங்களாக என் உயிரை வாங்குகிறது.

பல்கேரியக் கவிஞரும் புரட்சியாளருமான ஹிரிஸ்தோ போதெவ், 1876 மே 29 அன்று டான்யூப் ஆற்றில் கைப்பற்றிய ராடெட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பயணிக் கப்பலைத்தான் நூறில் ஒரு பங்கு அளவில் செய்துகொண்டிருக்கிறேன்.

முதல் சக்கரத்தை வெள்ளைப் பசையால் ஒட்டினேன். பசையின் ஈரத்தை 0.8 மி.மீ. பிளைவுட் குடித்து, காய்ந்தபோது வளையம் அப்பளம்போல் நெளிந்தது. இரண்டாவதற்கு உடனடிப் பசையைப் பயன்படுத்தியதில், ஆரக்காலைத் திருத்துவதற்குள் அது கோணலாகவே இறுகிவிட்டது. மூன்றாவதற்காகக் கட்டத்தாளில் வட்டம் வரைந்து, ஒவ்வோர் ஆரக்காலுக்கும் இரு குண்டூசிகள் குத்தி, ஒரு நாள் முழுக்க எடை வைத்துக் காயவிட்டேன். அதுவும் வீண். லேசரில் வெட்டித் தந்தவர் துளைகளை மயிரிழை அகலமாக்கிவிட்டதால், துடுப்புப் பலகைகள் ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த பக்கம் சாய்கின்றன. காசைத் திருப்பிக் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

பார்த்துச் செய்யப் படமாவது ஒழுங்காகக் கிடைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் சேர்த்த நன்கொடையால் 1966இல் மீண்டும் உருவாக்கப்பட்ட ராடெட்ஸ்கி, பல்கேரியாவின் கோஸ்லொதுய் கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஆனால் போகிறவர்கள் எல்லாரும் மேல்தளத்தையும் புகைபோக்கியையும் படமெடுக்கிறார்களே தவிர, கூண்டுக்குள் குனிந்து பார்ப்பவர் ஒருவரும் இல்லை.

கப்பல் கரையில் நிற்பதாகக் காட்டிவிட்டுச் சக்கரத்தை அசையாமல் ஒட்டிவிடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். போதெவின் ஆட்கள் இறங்கி மண்ணை முத்தமிட்டது கோஸ்லொதுயில்தான் என்பதால், அந்தக் காட்சிக்கும் குறை இருக்காது. ஆனால் நான் எடுத்துக்கொண்டது அதற்கு முந்தைய நேரம். தோட்டக்காரர் வேடத்தில் ருமேனியத் துறைகள்தோறும் குழு குழுவாக ஏறிய ஏறத்தாழ இருநூறு பேரில் கடைசிக் குழு பெக்கெட்டில் ஏறியதும், பெட்டிகள் உடைபட்டு ஆயுதங்கள் வெளிவந்தன. கேப்டன் எங்லெண்டர் வேறு வழியின்றி, ஒட்டோமான் துருக்கியர் ஆட்சியில் இருந்த பல்கேரிய எதிர்க்கரையை நோக்கிக் கப்பலைச் செலுத்தினார். பிறந்து சில வாரங்களே ஆன மகளை விட்டு வந்த போதெவ், மனைவி வெனெத்தாவுக்குக் கடிதம் எழுதியதும் இந்தக் கப்பலில்தான். மூன்று நாள் கழித்து, வ்ராத்சா அருகே மலையில் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 28. நீரோட்டத்தை எதிர்த்துப் போன அந்தக் கப்பலின் சக்கரம் என் மேசையில் சுழலாமல் நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கிடையே ஆட்களுக்காக, மாதிரி ரயில் நிலையங்களில் வைக்கும் 17 மி.மீ. பொம்மைகளை வாங்கினேன், பாதிப் பேர் கையில் பயணப்பெட்டியுடன் வந்திருக்கிறார்கள். பெட்டியை அறுத்துவிட்டுத் துப்பாக்கி ஒட்ட வேண்டும், தொப்பியில் சிங்கச் சின்னத்துக்கு ஒரு புள்ளி மஞ்சள் வைக்க வேண்டும். நான்காவது சக்கரத்துக்கு மரம் வேண்டாம் என்று முடிவுசெய்து 0.3 மி.மீ. பித்தளைத் தகடு வாங்கிவிட்டேன். பற்றவைப்புக் கோலின் முனை தேய்ந்துபோயிருப்பதால் புதிய முனை வந்து சேரும்வரை கூண்டு திறந்தே கிடக்கும்.