பெனின் சிட்டி, நைஜீரியா: தேர்தல் முடியும்வரை

ஜூன் 12, 2020
இங்கே எடோ மாநிலத்தில், பதவியில் இருக்கிற கவர்னர் ஒபாசெகிக்கே சொந்தக் கட்சி சீட்டு இல்லை என்றுவிட்டது. அவருடைய சர்டிபிகேட்டில் குளறுபடியாம். "இதே சர்டிபிகேட்டை வைத்துத்தானே ஓகா, 2016ல நிறுத்தினாங்க?" என்கிறார் டிரைவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஓகா என்றால் முதலாளி. அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லி அலுத்துவிட்டது.

லாகோஸிலிருந்து ஊருக்குப் போகும் விமானத்துக்குப் பெயர் கொடுத்து மூன்று வாரம்.

ஜூன் 22
ஒபாசெகி துடைப்பச் சின்னக் கட்சியிலிருந்து குடைச் சின்னக் கட்சிக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. போன முறை குடையில் நின்று அவரிடம் தோற்ற இசே-இயாமுவுக்கு இன்று துடைப்பம் கிடைத்துவிட்டது. அதே இரண்டு முகம், சின்னம் மட்டும் கைமாறியிருக்கிறது.

அம்மாவிடம் கவர்னர் தேர்தல் என்றேன். "கவர்னருக்கு எதுக்குடா தேர்தல்? டெல்லியிலேர்ந்துதானே அனுப்புவாங்க?" நம்மூர் முதலமைச்சர் மாதிரி என்றேன். "அப்ப அப்படிச் சொல்லு." குரல் தெம்பாகத்தான் இருந்தது.

ஜூலை 9
அம்மா போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா எடுத்து, தூங்குகிறார் என்றார். அங்கே அப்போது மாலை ஆறு மணி.

ஆகஸ்ட் 6
ரிங் ரோடில் போலீஸ். சட்டமன்ற வாசலில் மணலும் ஜல்லியும் மலையாகக் கொட்டிக் கிடக்கிறது. மேலே ஆட்கள் கூரைத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ரிப்பேர் வேலையாம். பதினோரு வருஷமாகக் கட்டட சாமான் கணக்கு எழுதுகிறவன் நான். வேலைக்கு இறக்கிய ஜல்லி ஓரமாகக் கிடக்கும், வண்டி போக வழி இருக்கும். இது கேட்டை அடைத்துக் கிடந்தது.

மொத்தம் 24 உறுப்பினர்கள். அதில் பாதிக்கு மேல் போன வருஷத்திலிருந்து பதவியே ஏற்கவில்லை. 2019 ஜூனில் ராத்திரியோடு ராத்திரியாக ஒபாசெகி பக்கத்து ஒன்பது பேரை மட்டும் உட்காரவைத்துச் சபையைத் தொடங்கினார்கள். ஒபாசெகி பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது தெரியவில்லை.

செப்டம்பர் 2
ஓபா, இந்த ஊர் ராஜா, இரண்டு தரப்பையும் அரண்மனைக்குக் கூப்பிட்டு, ரத்தம் சிந்தக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஜூலையில் அதே அரண்மனை வாசலில்தான் அடித்துக்கொண்டார்கள். சமையல்கார அம்மா டிவி முன்னால் எழுந்தே நின்றுவிட்டார்.

செப்டம்பர் 8
அம்மாவின் எக்ஸ்ரே வாட்ஸ்அப்பில் வந்தது. எனக்கு என்ன புரியும்?

செப்டம்பர் 15
லாகோஸிலிருந்து துடைப்பக் கட்சியின் பெரிய தலைவர் டினுபு வீடியோவில் வந்து ஒபாசெகிக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்றார். அவ்வளவுதான், ஊரே கிளம்பிவிட்டது. "எடோ நோ பி லாகோஸ்!" எடோ ஒன்றும் லாகோஸ் இல்லை என்று அர்த்தம். கேகே ஆட்டோ ஓட்டுகிறவன், ரொட்டி விற்கிற பையன், எல்லார் வாயிலும் அதுதான்.

ஒபாசெகியைக் கொண்டுவந்தது தன் தப்பு, திருத்த வந்திருக்கிறேன் என்று முந்தின கவர்னர் ஓஷியோம்ஹோலே ஊர் ஊராகச் சொல்கிறார். 2016இல் இதே இசே-இயாமுவை அவர் திட்டிய திட்டு போனுக்குப் போன் சுற்றுகிறது. டிரைவர் அதை ஆறு முறை காட்டிவிட்டார், ஆறு முறையும் புதிதாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஜல்லி?

செப்டம்பர் 17
டிக்கெட் வந்துவிட்டது. 23ஆம் தேதி, லாகோஸிலிருந்து. இங்கிருந்து லாகோஸ் போக ரோடு திறந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 18
31,000 போலீஸ் இறக்குகிறார்களாம். ஓட்டுப் போட வருகிறவர்களைவிட அதிகம் என்றார் டிரைவர். டீசல், ரொட்டி, முட்டை வாங்கிவைத்தோம்.

செப்டம்பர் 19, சனி
வண்டி ஓடக்கூடாது. ஏர்போர்ட் ரோடு நடுவில் பையன்கள் பந்து விளையாடினார்கள். டிரைவர் பிளாஸ்டிக் உறையில் இருந்த வாக்காளர் அட்டையை சட்டைக்குள் வைத்து, முகக்கவசம் மாட்டி, காலை ஏழுக்கே நடந்து கிளம்பினார். எட்டரைக்குத்தான் ஓட்டுப்பதிவு. மூன்று மணிக்கு விரலில் மையோடு வந்து, அட்டை ரீடர் இரண்டு முறை அவர் ரேகையைப் பிடிக்கவில்லை என்றார். சிமெண்ட் மூட்டை தூக்கித் தேய்ந்த விரல். யாருக்குப் போட்டார் என்று கேட்கவில்லை.

ராத்திரி ஜெனரேட்டர் சத்தத்தில் அவருடைய பூத்தைத் தேடினேன். தேர்தல் கமிஷன் இந்த முறை பூத் ரிசல்ட் தாளைப் படம் பிடித்து நெட்டில் போடுகிறது. கோணலாக எடுத்த படம், ஓரத்தில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல். 14 கட்சிக்கும் கட்டம் இருக்கிறது, பாதிக்கு மேல் பூஜ்யம். எக்ஸ்ரேயையும் இப்படித்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

செப்டம்பர் 20
ஒபாசெகி 3,07,955. இசே-இயாமு 2,23,619. 18 வட்டாரத்தில் 13 குடைக்கு.

தெருவெல்லாம் ஹார்ன். டிரைவர் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, கொரோனா ஞாபகம் வந்து விலகினார். பட்டியலில் இருபத்திரண்டு லட்சம் பேர், போட்டவர்கள் ஐந்தரை லட்சம்தான் என்றேன். "ஓகா, இன்னிக்கு மட்டும் கணக்கை மூடிவை."

சரி, மூடிவைத்தேன்.

செப்டம்பர் 21
அக்கா போன். ஆபரேஷன் புதன்கிழமையாம். புதன்கிழமை நான் ஆகாயத்தில் இருப்பேன். தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். அம்மாவே போனை வாங்கி, "உன் கவர்னர் ஜெயிச்சாரா?" என்றார்.

செப்டம்பர் 22
ஐந்தரைக்கு வண்டி வாசலில் நின்றது. ரிங் ரோடு வழியாகப் போகச் சொல்லியிருக்கிறேன், ஜல்லியை அள்ளிவிட்டார்களா என்று